டவுன்டன் அபே: நேராகப் படத்துக்குப் போகலாமா, தொடரிலிருந்து வரலாமா?

டவுன்டன் அபே பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்: "மொத்தம் 52 எபிசோடாமே! அதை விட்டுட்டுப் படத்தை மட்டும் பார்த்தா புரியாதா?" நியாயமான கேள்விதான். ஓர் ஆங்கிலேயப் பிரபு குடும்பத்தையும் அதன் வேலைக்காரர்களையும் பற்றிய இந்தத் தொடர் 2010 முதல் 2015 வரை பிரிட்டனின் ஐடிவி சேனலில் ஓடியது, ஆறு சீசன்கள். பிறகு 2019, 2022, 2025 ஆண்டுகளில் மூன்று படங்கள் வந்தன. ஒவ்வொரு படமும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். தொடரோ நாற்பது மணி நேரத்தைத் தாண்டும்.

புரியுமா என்றால், புரியும். 2019 படத்தின் கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். 1927இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி அரசியும் யார்க்‌ஷயரில் ஒரு பிரபுவின் மாளிகைக்கு வந்து ஓர் இரவு தங்கப் போகிறார்கள். செய்தி வந்ததும் மேலே குடும்பத்திலும் கீழே வேலைக்காரர்களிடமும் களேபரம். இதில் புரியாமல் போக ஒன்றுமில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வருமா, தொண்டை அடைக்க வேண்டிய இடத்தில் அடைக்குமா என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். அதற்கு எந்த வழியாக வந்தீர்கள் என்பது முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. கதையைத் தொடாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. ஆனால் யார் இறக்கிறார், யார் யாரை மணக்கிறார் என்பதை முடிந்தவரை சொல்லாமல் கடக்கிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் நேரம். இதில் ஏமாற வழியுண்டு. எபிசோட் எண்ணிக்கையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் தப்பாகிவிடும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இரண்டாவது, ஆட்களை அடையாளம் கண்டுகொள்ளும் சிரமம். முக்கியப் பாத்திரங்களே இருபதுக்குக் குறையாத கதை இது. மூன்றாவது, கதையின் எந்த ரகசியம் முன்கூட்டியே உடைந்துபோகும் என்பது. படத்தை முதலில் பார்த்துவிட்டுத் தொடருக்குப் போகிறவர் எதையெல்லாம் இழப்பார்? நான்காவது, யாரோடு பார்க்கிறீர்கள் என்பது. தனியாகப் பார்ப்பதும் குழந்தைகளோடும் பெரியவர்களோடும் உட்கார்ந்து பார்ப்பதும் ஒன்றல்ல. கடைசியாக, உங்களுக்கு என்ன வேண்டும் என்பது. அரண்மனையும் ஆடை அலங்காரமும் போதுமா, இல்லை மனிதர்கள் மாறுவதைப் பார்க்க வேண்டுமா?

| வழி | நேரம் | ஆட்களை அடையாளம் காண்பது | முன்கூட்டியே உடைவது | யாருக்கு |
|---|---|---|---|---|
| 2019 படம் மட்டும் | 2 மணி நேரம் | கடினம் | ஏராளம் | தொடர் பார்க்கப் போவதே இல்லை என்பவருக்கு |
| முழுத் தொடர், பிறகு படங்கள் | 40 மணி நேரத்துக்கு மேல், கூடவே படங்களுக்கு 6 | இயல்பாக வரும் | எதுவுமில்லை | பொறுமையும் மாதக்கணக்கில் அவகாசமும் உள்ளவருக்கு |
| தேர்ந்த 13 எபிசோட், பிறகு படம் | 13, 14 மணி நேரம், கூடவே படம் | பரவாயில்லை | கொஞ்சம் | துணைக்காகப் பார்க்க ஒப்புக்கொண்டவருக்கு |
| தொடர் மட்டும் | 40 மணி நேரத்துக்கு மேல் | இயல்பாக வரும் | எதுவுமில்லை | நல்ல முடிவோடு விட்டுவிட விரும்புபவருக்கு |

## நேராக 2019 படம்

இந்த வழியின் பலம் வெளிப்படை. ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும். கதை எழுதியவர் தொடரை உருவாக்கிய ஜூலியன் ஃபெல்லோஸேதான், அதனால் ருசி மாறவில்லை. பிரபுவின் அம்மா வயலட்டாக நடிக்கும் மேகி ஸ்மித் வாய் திறக்கும் இடமெல்லாம் முன்கதை தெரியாதவருக்கும் சிரிப்பு வரும். ஹாம்ப்ஷயரில் இருக்கும் ஹைகிளியர் கோட்டைதான் டவுன்டன் மாளிகையாக நடிக்கிறது. அகலத்திரையில் அதை மேலிருந்து காட்டும்போது தொலைக்காட்சியில் கிடைக்காத பிரம்மாண்டம் கிடைக்கிறது. நடனக் காட்சியைப் படமெடுத்த இடங்களில் ஒன்று வென்ட்வொர்த் உட்ஹவுஸ் மாளிகை. 1912இல் இதே ஜார்ஜும் மேரியும் நிஜமாகவே விருந்தாளிகளாக வந்து தங்கிய இடம் அது.

சரி, சிக்கலுக்கு வருவோம். படத்தில் எத்தனை மேரி தெரியுமா? வீட்டின் மூத்த மகள் மேரி, விருந்தாளியாக வரும் மேரி அரசி, அவருடைய மகள் இளவரசி மேரி. போதாதென்று 'லேடி கிராந்தம்' என்றால் பிரபுவின் மனைவி கோராவும் உண்டு, அம்மா வயலட்டும் உண்டு. பிரபுவை மனைவி ராபர்ட் என்பார், வெளியார் கிராந்தம் பிரபு என்பார்கள், வேலைக்காரர்கள் 'ஹிஸ் லார்ட்ஷிப்' என்பார்கள். வேலைக்காரர்களைப் பெரும்பாலும் குடும்பப் பெயரால் கூப்பிடுவார்கள். பணிப்பெண் அன்னாவையோ அன்னா என்றே சொல்வார்கள். இத்தனை பேர் ஏற்கெனவே இருக்க, மன்னருடைய சொந்த வேலையாட்படை ஒன்றும் வந்து இறங்குகிறது. புதிதாகப் பார்ப்பவர் முதல் அரை மணி நேரம் "இவர் யார், அவருக்கு என்ன உறவு" என்றே கேட்டுக்கொண்டிருப்பார். பக்கத்தில் தொடர் பார்த்தவர் ஒருவர் இருந்தால் அவருக்கு அன்றைக்கு நிம்மதி கிடையாது.

இதைவிடப் பெரிய இழப்பு வேறு. மோல்ஸ்லி என்றொரு பாத்திரம். மன்னருக்குப் பரிமாற வாய்ப்புக் கிடைத்த ஆனந்தத்தில் விருந்து மேசையில் உளறி மானத்தை வாங்குவார். புதியவருக்கு அது ஒரு கோமாளித்தனம், அவ்வளவுதான். தொடர் பார்த்தவருக்கோ அவருடைய வரலாறு தெரியும். மதிப்பான வேலையிலிருந்து விழுந்து, சாலையில் தார் போடும் வேலைவரை இறங்கி, மறுபடி ஏறி வந்து, கடைசியில் பள்ளி ஆசிரியராகத் தலை நிமிர்ந்த மனிதர். அப்படிப்பட்டவர் ஒரே ஓர் இரவுக்காகப் பழைய சீருடையை ஆசையாக மாட்டிக்கொள்கிறார். சிரிப்போடு ஒரு சங்கடமும் சேர்ந்து வரும் இடம் அது.

மாளிகையின் வேலைக்காரர் தாமஸ் பாரோவும் அப்படித்தான். படத்தில் அவர் தனிமையில் வாடும், பரிவுக்குரிய மனிதர். யார்க் நகரில் தன்னைப் போன்ற ஆண்கள் ரகசியமாகக் கூடும் இடத்துக்குப் போய் போலீஸில் மாட்டிக்கொள்வார். இங்கிலாந்தில் தன்பாலின உறவு 1967 வரை குற்றமாக இருந்தது என்பதை நினைவில் வைத்தால் அந்தக் காட்சியின் பயம் புரியும். ஆனால் முதல் சீசனில் இதே பாரோவின் சூழ்ச்சிகளைப் பார்த்துப் பல்லைக் கடித்தவருக்குத்தான், அதே ஆளுக்காகக் கவலைப்படுவதில் உள்ள விசித்திரம் புரியும். முன்கதை இல்லாமல் பார்ப்பது அடுத்தவர் வீட்டுக் கல்யாண வீடியோ பார்ப்பதுபோல. அலங்காரம் அழகாக இருக்கும். மூலையில் யாரோ கண்ணைத் துடைத்துக்கொள்வது ஏன் என்று தெரியாது.

அப்புறம் மறைமுகச் செலவு. படத்தில் யாரும் "இன்னார் இறந்துவிட்டார்" என்று பெரிதாக அறிவிப்பதில்லை. ஆனால் யார் இல்லை என்பதே எல்லாவற்றையும் சொல்லிவிடும். பிறகு ஒருநாள் தொடரை ஆரம்பித்தால், ஒரு பாத்திரம் அறிமுகமான உடனே "இவரைப் படத்தில் பார்க்கவில்லையே" என்று மனம் கணக்குப் போடும். மூன்றாம் சீசன் வந்த நாளில் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்ட இரண்டு சம்பவங்கள், உங்களுக்கு எதிர்பார்த்த செய்தியாகிவிடும். ஆகவே தொடரை என்றைக்காவது பார்க்கும் எண்ணம் கொஞ்சமேனும் இருந்தால் படத்தை முதலில் தொடாதீர்கள். பார்க்கவே போவதில்லை என்றால் தாராளமாகத் தொடலாம்.

குடும்பத்தோடு ஒரு மாலை, சண்டையில்லாமல், எல்லா வயதினரும் முகம் சுளிக்காமல் பார்க்க ஒரு படம் வேண்டும் என்பவருக்கும் இது பொருந்தும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்குப் பிஜி (பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகளும் பார்க்கலாம்) சான்றுதான்.

## முழுத் தொடர், அதன்பின் படங்கள்

தொடர் 1912 ஏப்ரலில் ஒரு தந்தியோடு தொடங்குகிறது. டைட்டானிக் மூழ்கிவிட்டது, மாளிகைக்கு வாரிசாக இருந்தவரும் அவர் மகனும் அதில் போய்விட்டார்கள். பிரபுவுக்கு மூன்று பெண்கள். சொத்தோ ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும்படி கட்டப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த மனைவியின் பணமும் அதில் கலந்துவிட்டதால் பிரித்தெடுக்க முடியாது. ஆக அடுத்த வாரிசு, மான்செஸ்டரில் வக்கீல் வேலை பார்க்கும் மேத்யூ என்ற தூரத்து உறவினர். இந்த ஒரு முடிச்சிலிருந்துதான் எல்லாம் கிளைக்கிறது.

2019 படம் தொடங்குவது எப்படி என்று பாருங்கள். அரண்மனையிலிருந்து புறப்பட்ட ஒரு கடிதம் ரயிலில் பயணித்து வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. தொடரின் முதல் எபிசோடும் ரயிலோடும் தந்தியோடும்தான் திறக்கும். தெரிந்தவருக்கு அங்கேயே சிலிர்த்துவிடும். வயலட்டுக்கும் உறவினர் பேக்‌ஷா சீமாட்டிக்கும் படத்தில் நடக்கும் சொத்துத் தகராறும் அப்படியே. முன்கதை தெரியாவிட்டால் பணக்காரக் கிழவியின் பிடிவாதம் என்று தோன்றும். சொத்து யாருக்குப் போகும் என்ற கேள்வியால் இந்தக் குடும்பம் ஒருமுறை எப்படி ஆட்டம் கண்டது என்று பார்த்திருந்தால் அந்தப் பிடிவாதத்தின் வேர் புரியும்.

முதல் சீசன் 1914 ஆகஸ்டில், போர் அறிவிப்போடு முடிகிறது. இரண்டாவது 1916இல் சோம் போர்க்களத்துப் பதுங்குகுழியில் தொடங்கும். மாளிகை காயமடைந்த அதிகாரிகளுக்கான ஓய்வில்லமாகும். கடைசிச் சீசன் 1925, புத்தாண்டு பிறக்கும் இரவோடு நிறைவு. இந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் மின்விளக்கும் டெலிபோனும் வானொலியும் வீட்டுக்குள் நுழைகின்றன. வேலைக்காரர் எண்ணிக்கை குறைகிறது. டைப்ரைட்டிங் கற்று அலுவலக வேலைக்குப் போக ஒரு பணிப்பெண் ஆசைப்படுவதே பெரிய விவகாரமாகிறது. வரலாறு பாடமாக வராமல் சாப்பாட்டு மேசைச் சண்டையாக வருவது இந்தத் தொடரின் சாமர்த்தியம்.

இனி விலை. எல்லா எபிசோடும் ஒரே நீளமில்லை. சாதாரண எபிசோட் முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. சீசனின் முதலும் கடைசியும் ஒரு மணி நேரத்தைத் தாண்டலாம். கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோட்கள் ஒன்றரை மணி நேரம். முதல் சீசனில் 7, மற்ற ஐந்திலும் கிறிஸ்துமஸ் சிறப்பு உட்பட 9 என்பதுதான் அந்த 52. இதில் ஒரு பொறி இருக்கிறது. சில தளங்களிலும் டிவிடிகளிலும் இந்தச் சிறப்பு எபிசோட்களைத் தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். 'ஸ்பெஷல்தானே, பிறகு பார்க்கலாம்' என்று தாண்டினால் கதை கையை விட்டுப் போய்விடும். மூன்றாம் சீசனின் மிகப் பெரிய சம்பவம் கிறிஸ்துமஸ் சிறப்பில்தான் நடக்கிறது. தொடரின் நிறைவே ஒரு கிறிஸ்துமஸ் சிறப்புதான். அமெரிக்காவில் பிபிஎஸ் என்ற பொதுத் தொலைக்காட்சி முதல் சீசனை நான்கு நீளமான பகுதிகளாக வெட்டி ஒளிபரப்பியது. எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்றால் நீங்கள் அந்தப் பதிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

தொய்வும் உண்டு. இரண்டாம் சீசனில் முகம் எரிந்துபோன ஒரு சிப்பாய் வந்து ஒரு எபிசோட் முழுக்க உரிமை கொண்டாடுவார். அதே சீசனில் ஒரு மருத்துவ அதிசயமும் நடக்கும். இரண்டையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஐந்தாம் சீசனில் வேலைக்காரர்களான பேட்ஸ்-அன்னா தம்பதியைப் போலீஸ் சுற்றிச் சுற்றி வரும் கதை இழுக்கும். நான்காம் சீசனின் தொடக்க எபிசோட்களில் ஒரு பாலியல் வன்முறைச் சம்பவம் வருகிறது. விலாவாரியாகக் காட்டாவிட்டாலும் மனத்தை உலுக்கும். படங்களைப் பார்த்துவிட்டு "இதில் எல்லாமே மென்மைதான்" என்று நம்பிச் சின்னப் பிள்ளைகளோடு தொடரைப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சப்டைட்டில் போட்டே பாருங்கள். மேல்தட்டு ஆங்கிலம் பிரச்சினையில்லை. சமையலறையில் பேட்மோர் அம்மாவும் டெய்ஸியும் பேசும் வடக்கத்தி ஆங்கிலம், வீட்டு நிர்வாகி ஹியூஸ் அம்மாவின் ஸ்காட்லாந்துச் சாயல், கார் டிரைவராக வந்த பிரான்சனின் ஐரிஷ் உச்சரிப்பு, இவற்றுக்குக் காது பழகக் கொஞ்சம் நாளாகும்.

## குறுக்கு வழி: 13 எபிசோட்

வீட்டில் ஒருவர் தீவிர ரசிகர், இன்னொருவருக்குத் துணைக்கு உட்கார மட்டுமே மனம். அவருக்காக ஒரு பட்டியல்:

- சீசன் 1 முழுவதும் (7)
- சீசன் 2: கிறிஸ்துமஸ் சிறப்பு
- சீசன் 3: முதல் எபிசோட், ஐந்தாவது, கிறிஸ்துமஸ் சிறப்பு
- சீசன் 6: எட்டாவது எபிசோட், கிறிஸ்துமஸ் சிறப்பு

முதல் சீசனில் வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. ஏழு எபிசோடும் இறுக்கமாகக் கோத்தவை. தொடரிலேயே ஆகச் சிறந்த பகுதி என்பேன். மூன்றாம் சீசனின் மூன்று எபிசோட்களைப் பார்க்காவிட்டால் மேரியின் முகத்திலும் பிரான்சனின் முகத்திலும் படம் முழுக்க இருக்கும் நிழல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. கடைசி இரண்டும் படம் தொடங்கும் நேரத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டிவிடும்.

இந்த வழியின் குறை: இடையில் கொத்துக் கொத்தாக ஓட்டைகள் விழும். இரண்டாம் சீசனின் சிறப்பு எபிசோடில் ஒருவர் கொலை வழக்கில் நீதிமன்றத்தில் நிற்பார். எப்படி அங்கே வந்தார் என்று தெரிய, பக்கத்தில் இருப்பவர் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லாமல் தனியாகப் பார்ப்பவருக்கு இந்தப் பட்டியலைப் பரிந்துரைக்க மாட்டேன். மோல்ஸ்லியின் ஏற்ற இறக்கமும் பாரோவின் மாற்றமும் இதில் பெரும்பாலும் விடுபட்டுவிடும். பெரிய சம்பவங்களைத் தொகுக்க முடியும். மெதுவாக மாறும் மனிதர்களைத் தொகுப்பது கஷ்டம்.

## தொடரோடு நிறுத்திக்கொள்வது

யாரும் பேசாத வழி இது, ஆனால் மோசமில்லை. தொடரின் கடைசி எபிசோட் ஒரு கதையை எப்படி முடிக்க வேண்டுமோ அப்படி முடிகிறது. பட்லர் (தலைமை வேலைக்காரர்) கார்சனின் கை நடுங்கத் தொடங்குகிறது. அவர் ஒதுங்கிக்கொள்ள, பொறுப்பு பாரோவிடம் போகிறது. வலிக்கும், ஆனால் சரியான முடிவு. 2019 படம் மன்னர் வருகையைக் காரணம் காட்டி அதே கார்சனைத் திரும்பக் கூட்டி வருகிறது. அந்த நடுக்கம் படத்தில் பெரிதாகத் தெரிவதும் இல்லை. ரசிகர்களுக்கு அவரைப் பார்க்க ஆசை, அது வாஸ்தவம்தான். ஆனால் முடிந்ததை அவிழ்க்கிறார்களே என்று எனக்கு உறுத்தியது. இப்படி உறுத்தும் ஆள் நீங்கள் என்றால் 1926 பிறந்த இரவோடு தொலைக்காட்சியை அணைத்துவிடலாம், எதுவும் குறையாது.

## மூன்று படங்களில் எது எப்படி

2022 படம் 1928இல் நடக்கிறது. ஒழுகும் கூரையைச் செப்பனிடப் பணம் வேண்டி மாளிகையைச் சினிமாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மௌனப்படமாகத் தொடங்கியது பாதியில் பேசும் படமாக மாற வேண்டிய கட்டாயம். கதாநாயகியின் அழகுக்கும் குரலுக்கும் பொருத்தமே இல்லை. சினிமா வரலாற்றில் ஆர்வமுள்ளவருக்கு அந்தப் பாதி தனியாகவே சுவையாக இருக்கும். இன்னொரு பாதி தென் பிரான்சின் மாளிகை ஒன்றில், வயலட்டின் இளமைக் கால ரகசியத்தைத் தேடிப் போகிறது. கடைசி இருபது நிமிடம் முழுக்க முழுக்கப் பழகியவர்களுக்கானது.

2025 படம் 1930இல். விவாகரத்தான பெண்ணை உயர்குடிச் சமூகம் விருந்து மண்டபத்திலிருந்து வெளியே அனுப்பும் காலம். வீட்டை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதுதான் கரு. விடைபெறும் படம் என்பதால் தனியாகப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்பவருக்கு 2019 படமே சரி.

பெரிய திரை கிடைத்தால் நல்லது, ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் படத்தில் அணிவகுப்பும் நடனமும் பெரிய திரையைக் கேட்கும். மற்றபடி இது முகங்களின் கதை; வீட்டில் நிறுத்திவிட்டு "இவர் யார்" என்று கேட்க முடிவது புதியவருக்கு ஒரு வசதிகூட.

## என் பரிந்துரை

முடிவெடுக்க முடியாதவர்கள் முதல் சீசனின் ஏழு எபிசோட்களை மட்டும் பாருங்கள். ஆறு மணி நேரம் சொச்சம்தான். போர் அறிவிப்பு வரும்போது அடுத்தது என்ன ஆகும் என்ற தவிப்பு இருந்தால் தொடரிலேயே போய்விடுங்கள். இழுக்கும் இடங்களில் வேகமாக ஓட்டிக்கொள்ளலாம், கிறிஸ்துமஸ் சிறப்புகளை மட்டும் தாண்டாதீர்கள். தவிப்பு வரவில்லை என்றால் தயங்காமல் 2019 படத்துக்குத் தாவலாம். குடும்பமும் வேலைக்காரர்களும் அதற்குள் ஓரளவு பரிச்சயமாகியிருப்பார்கள், மூன்று மேரிகளில் நம்மவர் யார் என்பதில் குழப்பம் இருக்காது. சில மரணங்கள் முன்கூட்டியே தெரிந்துவிடும்தான். ஆனால் தொடர வேண்டாம் என்று நீங்கள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டதால் அதனால் நஷ்டமில்லை.